அடியோடு மாற்றுவதா, அன்றாடம் திருத்துவதா?

யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடையொன்றில் இருபது பை சீமெந்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விற்பனைக்கு நிற்கும் பொடியன் துண்டு எழுதுவான். காசாளரிடம் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு களஞ்சியத்துக்குப் போனால் அங்கே இன்னொரு கொப்பியில் பதிவார்கள். வாசலில் ஒருவர் மறுபடி எண்ணுவார். ஒரே விபரத்துக்கு நான்கு கைகள்.

இதைச் சீராக்க மூன்று வழிகள் உண்டு. இருக்கிற முறையை அப்படியே கணினியில் ஏற்றுவது முதலாவது. அது வீண் செலவு. துண்டு அச்சாகி வரும், வாடிக்கையாளர் அதே நான்கு இடங்களுக்கும் நடப்பார்.

இரண்டாவது, முறையையே புதிதாக வரைவது. 1990 இல் அமெரிக்க முகாமைத்துவ அறிஞர் மைக்கல் ஹமர் இதை முன்வைத்தபோது காட்டிய உதாரணம் போர்ட் கார் நிறுவனம். அங்கே வழங்குநர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். ஜப்பானின் மஸ்டா கார் நிறுவனத்தில் அதே வேலைக்கு 5 பேர். கொள்வனவுக் கட்டளை, பொருள் வந்த சீட்டு, விலைப்பட்டியல் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் போர்ட் பிரிவின் வேலை. ஒத்துப்போகாதவற்றைத் துருவுவதிலேயே பெரும்பகுதி நேரம் போனது. போர்ட் அந்த ஒப்பிடுதலைச் சரக்கு இறங்கும் இடத்துக்கே கொண்டுபோனது. பொருள் கட்டளையோடு ஒத்தால் ஏற்பு, பணம் தானாகப் போகும். இல்லையென்றால் திருப்பி அனுப்பு. விலைப்பட்டியலுக்கே தேவையில்லாமல் போனது, ஆட்கள் 75 வீதம் குறைந்தார்கள்.

எங்கள் கடைகளுக்கு அதிகம் உதவக்கூடியது இந்த இடம்தான். கொழும்பு லொறி இறக்கிவிட்டுப் போனபின், மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை குறையைக் கண்டுபிடித்து என்ன பயன்? சாரதி நிற்கும்போதே கட்டளையைக் கையில் வைத்து எண்ணினால் அந்தத் தகராறே வராது. ஆனால் வற் வரிக்குப் பதிந்த கடை விலைப்பட்டியலை விட்டுவிட முடியாது. வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க அது வேண்டும்.

மூன்றாவது, ரொயோட்டா வளர்த்த கைசன். வேலை செய்பவரே சிறுசிறு தடைகளைக் கண்டு நீக்குவது. செலவு குறைவு, பிழைத்தால் மறுநாளே பழையபடி மாற்றலாம். அடிக்கடி கேட்கும் ஆணியை முன்தட்டுக்குக் கொண்டுவருவதற்கு ஆலோசகர் தேவையில்லை. ஆனால் தன் மேசையைத் திருத்துபவர், அந்த மேசையே வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அடியோடு மாற்றுவதில் ஆபத்தும் பெரிது. முயன்றவற்றில் 50 முதல் 70 வீதமானவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 1993 இல் ஹமரும் அவரோடு சேர்ந்து நூல் எழுதிய ஜேம்ஸ் சம்பியும் மதிப்பிட்டார்கள். மனிதர்களின் பக்கத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதை ஹமர் பிறகு ஒப்புக்கொண்டார். களஞ்சியத்தில் இருபது வருடம் நிற்பவரைக் கேட்காமல் வரைந்த திட்டம் எந்தக் கடையிலும் ஓடாது. அப்புறம், மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். எல்லாம் ஒரே கணினியில் என்றாலும் இலக்கமிட்ட கட்டளைப் புத்தகம் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும்.

என் தெரிவு இதுதான்: கொள்வனவுப் பக்கத்தை அடியோடு மாற்றுங்கள், அங்கே குறை மாதக் கடைசியில்தான் தெரியவருகிறது. விற்பனை மேசையைக் கைசனிடம் விடுங்கள். வாசலில் எண்ணுவதைக் கடைசியாக நிறுத்தலாம், களஞ்சியக் கணக்கும் கையிருப்பும் சில மாதங்கள் தொடர்ந்து ஒத்துவந்த பிறகு.