கேஸ் ரெகுலேட்டரைத் திருகத் தெரிந்தவனுக்குத்தான் எஸ்.எல்.ஆர்.

ஓய்வுபெற்ற காலாட்படைக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் எஸ்.எல்.ஆரில் (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ராணுவ ரைபிளில்) வந்து நிற்கும். ஒரு கட்சி தலையில் வைத்துக் கொண்டாடும். இன்னொரு கட்சி தோளைத் தடவிக்கொண்டே, நாலரைக் கிலோ இரும்பு, கழுதை உதை, சிக்கினால் சனியன் என்று திட்டும். இருவரும் சொல்வது ஒரே ரைபிளைத்தான். கேஸ் ரெகுலேட்டர் யாருக்கு எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் பெரும்பாலும் வித்தியாசம்.

1962 சீனப் போரில் நம் ஆட்கள் கையில் இருந்தது திரீ நாட் திரீ (.303) ரைபிள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் (தோட்டாவுக்கும்) போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து பரவலாக வந்ததுதான் 7.62 மி.மீ. 1ஏ1, அதாவது நம் எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். ஃபால் ரைபிள்தான் மூலம். ஆனால் ஈஷாப்பூர் தன் வழியில் செய்ததால் அதே ஃபாலின் பிரிட்டிஷ் வடிவமான எல்1ஏ1-இன் பாகங்களும் ஐரோப்பியப் பாகங்களும் இதில் முழுதாகப் பொருந்தாது. மேகசினில் 20 ரவுண்டு, ஒரு தடவை டிரிக்கரை அழுத்தினால் ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் ஆட்டோ கிடையாது என்று அன்று குறைப்பட்டவர்கள் உண்டு. 7.62-ஐத் தோளில் வைத்து ஆட்டோவில் சுட்டால் மூன்றாவது ரவுண்டு வானத்துக்குத்தான் போகும் என்பதால் இதை நான் குறையாக எடுக்க மாட்டேன்.

இனி ரெகுலேட்டர். சுடும்போது பேரலிலிருந்து பிரியும் கேஸில் (வாயுவில்) ஒரு பங்கை இது வெளியே விட்டுவிடும். மிச்சம் பிஸ்டனைத் தள்ளி அடுத்த ரவுண்டை ஏற்ற வைக்கும். திறந்தால் தள்ளு குறையும், மூடினால் கூடும். சரியாக வைப்பதற்கு முதலில் நன்றாகத் திறந்துவிட வேண்டும். ஒரு ரவுண்டு சுட்டால் காலித் தோட்டாக் கூடு சரியாக வெளியேறாது, அல்லது அடுத்த ரவுண்டு ஏறாது. ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே சுட்டுப் பார்த்தால் ஓர் இடத்தில் ரைபிள் ஒழுங்காக ஓடத் தொடங்கும். அதற்கு மேல் இரண்டு கிளிக் மூடி நிறுத்திவிடலாம். அந்த இரண்டு கிளிக், தூசிக்கும் கரிக்கும் விட்டுவைக்கும் இடம். நீண்ட நேரம் சுட்டுக் கரி படிந்து ரைபிள் மறுபடி மந்தமானால் இன்னொரு கிளிக். சுத்தம் செய்ததும் பழைய இடம். “எதுக்கு வம்பு” என்று முழுதாக மூடி வைத்தவர்கள்தான் கழுதை உதை வாங்கியவர்கள். உதையோடு போவதில்லை, காலிக் கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் விளிம்பைப் பிய்த்துவிடவும் செய்யும்.

அடுத்த வில்லன் கேஸ் பிளக், கேஸ் சிலிண்டரின் முன்வாயில் மாட்டும் அடைப்பு. ரைபிள் கிரனேடு ஏவுவதற்காக கேஸை அடைக்கும் நிலை ஒன்று அதில் உண்டு. சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது அந்தப் பக்கம் திருப்பி மாட்டினால் பிஸ்டனுக்கு கேஸே போகாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் காக்கிங் ஹேண்டிலை இழுக்க வேண்டும், லட்சணமான எஸ்.எல்.ஆர். திரீ நாட் திரீயாகிவிடும். ரைபிளில் கோளாறு என்று ஆர்மரரிடம் (ஆயுதம் பழுது பார்ப்பவரிடம்) போகிறதில் இப்படிப்பட்டதும் உண்டு.

கோல்னா ஜோட்னா, அதாவது கழற்றி மாட்டும் விஷயத்தில் இதற்கு இணை இல்லை. மேகசினை எடுத்து, சேம்பர் (தோட்டா நிற்கும் அறை) காலியா என்று பார்த்து, லாக்கிங் லீவரை அழுத்தினால் வேட்டைத் துப்பாக்கி மாதிரி நடுவில் மடிந்து திறக்கும். வால் போன்ற கம்பியைப் பிடித்து இழுத்தால் போல்ட் மொத்தமும் கைக்கு வரும். பேரலுக்குள் இழுக்கும் கயிறான புல்-த்ரூவில் துடைக்க 4×2 அங்குலத் துணித்துண்டு, எண்ணெய்க்கு 4×1½. பிஸ்டனிலும் கேஸ் சிலிண்டரிலும் மட்டும் எண்ணெய் கூடாது. அங்கே எண்ணெய் சூட்டில் வெந்து கரியாகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். சுடப் போகும் முன் பேரலும் சேம்பரும்கூட உலர்ந்திருக்க வேண்டும்.

உண்மையான குறை ஒன்று உண்டு. குறிபார்க்கும் பின்குறி ரைபிளின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, பேரலோ மேல்பகுதியில். லாக்கிங் லீவர் தேய்ந்து இரண்டுக்கும் இடையே ஆட்டம் வந்துவிட்டால் எவ்வளவு ஜீரோ செய்தாலும் (குறியைச் சரிப்படுத்தினாலும்) நிற்காது. சுடுபவனைத் திட்டுவதற்கு முன் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். ரீகாயில் ஸ்பிரிங் தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் இருப்பதால் அந்தக் கட்டையை மடிக்கவும் வழியில்லை. வண்டிக்குள் நீளம் பெரும் தொல்லை. நிரப்பிய ஒரு மேகசின் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும். எஸ்.எல்.ஆருக்குப் பின் வந்த இந்திய ரைபிளான இன்சாஸின் 5.56 ரவுண்டு, எடையில் ஏறக்குறைய 7.62 ரவுண்டில் பாதிதான்.

அந்த எடைக் கணக்கில்தான் இன்சாஸ் வந்தது. சுமை குறைந்தது நிஜம், ஒரே அழுத்தலில் மூன்று ரவுண்டு போகும் பர்ஸ்ட் வந்ததும் நிஜம். ஆனால் 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது. எஸ்.எல்.ஆரின் தகர மேகசினுக்கு அந்த வியாதி இல்லை. அதற்கு வாய் வளையும் வியாதி. கீழே விழுந்த மேகசினின் உதடுகளைப் பார்க்காமல் மாட்டினால் ரவுண்டு மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். திரீ நாட் திரீக்கோ விளிம்புள்ள தோட்டா. மேல் ரவுண்டின் விளிம்பு கீழ் ரவுண்டின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் சிக்கல்தான். இருந்தும் உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தது.

ஒரு வேடிக்கை: 2019-இல் ராணுவம் அமெரிக்காவிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்ட 72,400 சிக் 716 ரைபிள்களும் அதே 7.62×51 தோட்டாதான். சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறார்கள்.

போலீஸ் கோத்துகளில் (ஆயுத அறைகளில்) இன்னும் எஸ்.எல்.ஆர். உண்டு. கைக்கு வந்தால் மேகசினின் முன் கொக்கியை முதலில் மாட்டி, பின்பக்கத்தை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை மேலே இழுங்கள். நேராகக் குத்தி ஏற்றினால் பாதியில் நிற்கும், முதல் ரவுண்டே ஏறாது.