ஒரு சொல், இரண்டு அகராதிகள்: 'நைஸ்' வழியாக ஒரு மதிப்பீடு

ஓர் அகராதியின் தரத்தை அறிய அருஞ்சொற்களைத் தேடிப் பார்ப்பது வீண் வேலை. அருஞ்சொல்லுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே பொருள். அதை எந்த அகராதியும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் சொல்லும். இதற்கெல்லாம் யாராவது அகராதியைப் புரட்டுவார்களா என்று நாம் நினைக்கிற எளிய சொல்லில்தான் தொகுப்பாளரின் உழைப்பும் நேர்மையும் தெரியவரும். ஆகவே, ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைத் தேடுவோர் அதிகம் நாடும் இரண்டு இணையச் சேவைகளை, அதாவது இலவசமாகக் கிடைக்கும் எட்டிமான்லைனையும் சந்தா கட்டிப் படிக்க வேண்டிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியையும், 'நைஸ்' என்ற ஒரே பெயரடையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கட்டுரையில் இதை எழுதாதீர்கள் என்று ஆங்கில ஆசிரியர்கள் மாணவர்களிடம் சொல்லும் அளவுக்குத் தேய்ந்துபோன சொல் அது. ஆனால் அதற்கு 700 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதியில் அது ஒரு பாராட்டுச் சொல்லாகவே இருக்கவில்லை.

எட்டிமான்லைனை உருவாக்கியவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர். பெரிய பதிப்பகமோ பல்கலைக்கழகமோ பின்னால் இல்லாமல், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியொருவராக அவர் தொடங்கிய பணி அது. ஏற்கெனவே வெளிவந்த சொற்பிறப்பு அகராதிகளைப் படித்து, அவற்றின் முடிவுகளைச் சுருக்கித் தருவதே தளத்தின் முறை. தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டியதும் வரும் பதிவு சில சிறு பத்திகளில் முடிந்துவிடுகிறது. லத்தீனில் 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' என்பது அறியாதவனைக் குறித்தது. 'சயன்ஸ்' என்ற சொல்லும் இதே 'ஸ்கீரே'யிலிருந்து பிறந்ததுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அறிவியலும் 'நைஸ்' என்பதும் ஒரே வேரின் எதிரெதிர்க் கிளைகள் என்பது விளங்கும். லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'மூடத்தனமான' என்ற பொருளில் வழங்கி, 13ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் அதே பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு கோழைத்தனம், எதிலும் குறை காணும் தன்மை, மென்மை, துல்லியம் என்று பொருள் நகர்ந்துகொண்டே போய், 1769இல் 'இனிமையான' என்றும் 1830இல் 'அன்பான' என்றும் ஆனதாகத் தளம் வரிசைப்படுத்துகிறது. அதே லத்தீன் மூலத்திலிருந்து வந்த ஸ்பானிய மொழியின் 'நெசியோ' இன்றும் முட்டாளைத்தான் குறிக்கிறது. ஆங்கிலம் மட்டும் எவ்வளவு தூரம் விலகி வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இலவசமாக, ஒரு நிமிடத்தில், இவ்வளவு தெரிந்துகொள்ள முடிவது சாதாரணமான விஷயமல்ல. எனினும் இந்தப் பதிவைப் படித்து முடிக்கும்போது மனத்தில் பதியும் சித்திரம், சொல் ஒரு பொருளைக் கைவிட்டுவிட்டு அடுத்த பொருளுக்கு ஏறியது போன்ற, படிக்கட்டு போன்ற சித்திரம். மேலும், 1769 என்ற ஆண்டைப் பார்க்கும் வாசகர், அந்த ஆண்டில்தான் 'இனிமை' என்ற பொருள் பிறந்தது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. உண்மையில் இத்தகைய ஆண்டுகள், அந்தப் பொருளில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றின் ஆண்டுகளே; பேச்சில் அது அதற்கு முன்பே புழங்கியிருக்கும். இதைத் தளம் மறைக்கவில்லை என்றாலும், பதிவைப் படிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்தால் இந்தப் படிக்கட்டு கலைந்துவிடுகிறது. அந்த அகராதி வரலாற்று முறையில் அமைந்தது: ஒரு சொல்லின் பொருள்கள், இன்று எது பரவலானது என்று பாராமல், எது முதலில் எழுத்தில் வந்தது என்பதைப் பொறுத்தே அடுக்கப்படுகின்றன. எனவே 'நைஸ்' பதிவில் முதலில் கண்ணில் படுவது மூடத்தனம் என்ற பொருள். அதன் பக்கத்தில், வழக்கொழிந்தது என்பதைக் காட்டும் குறுவாள் குறி. அதற்குக் கீழே ஒழுக்கக்கேடான, பகட்டான, சோம்பலான, நாணிக்கோணுகிற, விசித்திரமான, அற்பமான, நுண்ணிய, கவனமான, சுவையான என்று ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத பொருள்கள் அணிவகுக்கின்றன. இன்றைய பொருளைத் தெரிந்துகொள்ள வந்தவர் நெடுந்தொலைவு கீழே இறங்க வேண்டியிருக்கும். அது குறையல்ல, அகராதியின் கொள்கை. ஆனால் அவசரத்தில் வருபவருக்கு இது உகந்த அகராதி இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டு குறித்த மேற்கோள்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணத்துக்கு நியாயம் செய்வது அந்த மேற்கோள்கள்தான். 1879இல் தொகுப்பாசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எல்லோரும் நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு வேண்டுகோள் விடுத்தார். அந்தச் சீட்டுகளின் மேல்தான் அகராதி எழுந்தது. முதல் பகுதி 1884இலும் கடைசிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. 'நைஸ்' இடம்பெறும் 'என்' (N) எழுத்துச் சொற்களைத் தொகுத்தவர் வில்லியம் கிரெய்கி. 1989இன் 20 தொகுதிப் பதிப்பில் மேற்கோள்கள் 24 லட்சத்தைத் தாண்டின. பொருள் விளக்கம் தவறு என்று வாசகருக்குத் தோன்றினால், கீழே உள்ள வாக்கியங்களைப் படித்துத் தாமே வேறு முடிவுக்கு வரலாம். அத்தகைய வசதியை எட்டிமான்லைன் தரவில்லை, தரவும் முடியாது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், நடந்த சண்டையைப் பற்றி இளவரசரிடம் விவரிக்கும் ரோமியோவின் நண்பன் பென்வோலியோ, அந்தச் சச்சரவு எவ்வளவு 'நைஸ்' என்று எண்ணிப் பார்க்கும்படி, சண்டைக்கு வந்த டிபால்ட்டிடம் ரோமியோ மன்றாடியதாகச் சொல்கிறான். ஐந்தாம் அங்கத்தில், தன் கடிதம் உரியவரிடம் சேரவில்லை என்று அறிந்த பாதிரியார் லாரன்ஸ், அந்தக் கடிதம் 'நைஸ்' அல்ல, மிக முக்கியமானது என்று பதறுகிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் முதல் இடம் அபத்தமாகவும் இரண்டாவது இடம் புதிராகவும் இருக்கும். 'அற்பமான' என்ற பொருளின் கீழ்ப் போய்ப் பார்த்தால் இரண்டுமே தெளிவாகிவிடுகின்றன. ஷேக்ஸ்பியரைத் தமிழில் பெயர்ப்பவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவாவது பெரிய அகராதியின் பக்கம் போய்வர வேண்டும்.

எனக்கு இந்த அகராதியில் மிகவும் பிடித்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு. பொருள்கள் எந்த வழியில் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்பது முழுதும் தெளிவாகவில்லை என்றும், 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் பல இடங்களில் எழுதியவர் எந்தப் பொருளை மனத்தில் கொண்டார் என்று துணிவது கடினம் என்றும் 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வெளிப்படையாகக் குறித்திருக்கிறார்கள். மூடனிலிருந்து கூச்சக்காரன், கூச்சக்காரனிலிருந்து எதையும் எளிதில் ஏற்காதவன், அவனிடமிருந்து தேர்ந்த ரசனை உடையவன், தேர்ந்த ரசனைக்கு உகந்த பண்டம், கடைசியில் இனிய பண்டம் என்று ஒரு கதையை யாரும் கோத்துவிடலாம். கேட்பதற்கு நன்றாகவும் இருக்கும். ஆனால் மேற்கோள்களின் ஆண்டுகளைப் பார்த்தால், இந்தப் பொருள்களில் பல ஒரே காலத்தில், சில சமயம் ஒரே எழுத்தாளரிடம், அருகருகே வாழ்ந்திருப்பது தெரிகிறது. ஷேக்ஸ்பியரே அற்பம் என்ற பொருளிலும் நுட்பம் என்ற பொருளிலும் இச்சொல்லைக் கையாண்டவர்.

இனிமை என்ற பொருள் எப்போது மேலோங்கியது என்பதைப் பிற நூல்களோடு ஒப்பிட்டும் சரிபார்க்கலாம். 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்கு முதலில் தரப்படும் விளக்கம், மிக நுண்ணிய அளவுக்குத் துல்லியமாக மதிப்பிடும் தன்மை. 'இனிய' என்ற பொருள் அங்கே இல்லவே இல்லை. அடுத்த ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. 1817இன் இறுதியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலில், ஒரு புத்தகத்தை 'நைஸ்' என்று சொன்ன கேதரினை ஹென்றி டில்னி கேலி செய்கிறான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் அது என்கிறான். ஆதியில் நேர்த்தியையும் நயத்தையும் குறிக்கவே இது பயன்பட்டிருக்கும் என்று அவன் ஒரு சொற்பிறப்புப் பாடமும் நடத்துகிறான். இரண்டு அகராதிகளில் எதைத் திறந்தாலும் டில்னியின் ஆதி உண்மையான ஆதி அல்ல என்பது தெரிந்துவிடும். பழைய பொருளே சரியான பொருள் என்று வாதிடுவோர், எந்தப் பழமையோடு நிறுத்திக்கொள்வது என்பதை ஒருபோதும் சொல்வதில்லை.

பழைய துல்லியப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளில், இந்தியத் தீர்ப்புகளிலும்தான், ஒரு சட்டக் கேள்வியை 'நைஸ்' என்று நீதிபதி குறிப்பிட்டால், இரு தரப்புக்கும் சமமான வலு உள்ள, நுணுகி ஆராய வேண்டிய கேள்வி என்பது கருத்து. அதை 'நல்ல கேள்வி' என்று பெயர்த்தால் தீர்ப்பின் தொனியே மாறிவிடும். நம் வீடுகளில் மாவை நைசாக அரைக்கச் சொல்வதும், பேச்சுக்கு நடுவே ஒருவர் நைசாக நழுவிவிட்டார் என்பதும்கூட, இன்றைய ஆங்கில இனிமையைவிட அந்தப் பழைய மென்மைக்கும் நுட்பத்துக்கும்தான் நெருக்கமாக இருக்கின்றன. இந்த உறவை உறுதிப்படுத்த வேண்டுமானால் ஆண்டு குறித்த மேற்கோள்களோடு தொகுத்த தமிழ் அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த மாபெரும் சாதனை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. அதில் இலக்கிய மேற்கோள்கள் உண்டு, ஆண்டுகள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டும் தமிழ் வாசகருக்கு வியப்போடு கொஞ்சம் பொறாமையும் வருவதற்குக் காரணம் அதுதான்.

சேவையின் மற்ற கூறுகளைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டில் இணையத்துக்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அன்றிலிருந்து மூன்றாம் பதிப்புக்காகத் தொடர்ந்து திருத்தப்பட்டு வருகிறது. அந்தத் திருத்தம் 'ஏ'யிலிருந்து தொடங்காமல் 'எம்' எழுத்திலிருந்து தொடங்கியதால், 'நைஸ்' போன்ற சொற்களுக்கு அது முன்கூட்டியே கிடைத்துவிட்டது. வேறு சில எழுத்துகளில் இன்னும் பழைய பதிப்பின் வாசகம் தொடரும் பதிவுகளும் உண்டு. ஒவ்வொரு பதிவும் எப்போது திருத்தப்பட்டது என்பது குறிக்கப்பட்டிருப்பதால் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. அகராதியோடு இணைத்துள்ள வரலாற்றுச் சொற்களஞ்சியம் தனியே பாராட்டத் தக்கது. மூடத்தனத்துக்கு எந்தக் காலத்தில் எந்தெந்தச் சொற்கள் இருந்தன என்று ஆண்டு வரிசையில் அது பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் அலையும்போது, 'சில்லி' என்ற பெயரடை 'நைஸ்' வந்த வழிக்கு நேரெதிராகப் பயணித்திருப்பது தெரியவரும்: பழைய ஆங்கிலத்தில் பேறு பெற்றவரைக் குறித்த அந்தச் சொல், அப்பாவி, பரிதாபத்துக்குரியவர் என்று இறங்கி, கடைசியில் அசட்டுத்தனத்தில் வந்து நின்றிருக்கிறது.

தடை ஒன்றே: கட்டணம். பதிவின் சுருக்கமான பகுதிகள் சில எல்லோருக்கும் திறந்திருந்தாலும், முழு மேற்கோள்களும் களஞ்சியமும் சந்தாதாரர்களுக்கே. பிரிட்டனில் பொது நூலக அட்டை வைத்திருப்பவர்கள் பலர் வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. இங்கே தனிநபராகச் சந்தா கட்டுவது, மொழிபெயர்ப்பையோ ஆங்கில இலக்கிய ஆய்வையோ தொழிலாகக் கொண்டவர்களுக்கு மட்டுமே கட்டுபடியாகும். மற்றவர்கள் முதலில் தங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தில் விசாரிப்பது நல்லது. நிறுவனச் சந்தா இருந்தும் அதைப் பயன்படுத்தாத மாணவர்கள் உண்டு.

பொது வாசகருக்கு என் பரிந்துரை எட்டிமான்லைனிலிருந்து தொடங்குவதே. அங்கே கிடைக்கும் ஆண்டுகளைத் தோராயமான அடையாளங்களாக மட்டும் கொள்ள வேண்டும். 1500க்கு முந்தைய வழக்கைத் தெரிந்துகொள்ள விரும்புவோர், மிச்சிகன் பல்கலைக்கழகம் 2001இல் தொகுத்து முடித்த இடைக்கால ஆங்கில அகராதியை இணையத்தில் கட்டணமின்றியே படிக்கலாம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலத்து 'நைஸ்' எவ்வளவு முட்டாள்தனமானது என்பதை மேற்கோள்களோடு அதுவே காட்டிவிடும். 1500க்குப் பிந்தைய ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்ற கேள்வி எழும்போதுதான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு மாற்று இல்லை.