ஏற்றுமதி ஒப்பந்தம் பார்த்துத் தரும் ஒரு கோவை வக்கீல் ஆபீஸ்

கரூரில் பெட்ஷீட், கிச்சன் டவல் தைத்து அனுப்பும் எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்கு ஒப்பந்தம் என்றால் பையர் அனுப்பும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) தான். முதல் பக்கத்தில் விலையும் ஷிப்மென்ட் தேதியும் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் பல பக்கம். அந்தப் பொடி எழுத்தைப் பார்த்துச் சொல்லத்தான் கோவையில் உள்ள இந்த ஆபீசுக்குப் போகிறேன். தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எங்கள் ஹாம்பர்க் பையரின் பி.ஓ.வில் 'ஜெர்மன் சட்டம் பொருந்தும்' என்று ஒரு வரி. வக்கீல் மேடம் அதில்தான் பேனாவை வைத்தார். சர்வதேசச் சரக்கு விற்பனைக்கான 1980 வியன்னா உடன்படிக்கையில் ஜெர்மனி இருக்கிறது, இந்தியா இல்லை. "இந்தியா சேரலைன்னு விட்டுட முடியாதுங்க. ஜெர்மன் சட்டம்னு ஒத்துக்கிட்டா இதுவும் கூடவே வந்துரும். வேண்டாம்னா வேண்டாம்னு எழுதணும்" என்றார். விலக்கி எழுத ஆறாவது பிரிவு இடம் கொடுக்கிறது.

ஆனால் அவர் விலக்கச் சொல்லவில்லை. சரக்கில் குறை கண்டால் பையர் நியாயமான காலத்துக்குள் என்ன குறை என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும், விட்டால் பொதுவாகக் கிளைமே போய்விடும் என்கிறது 39வது பிரிவு. நமது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில், சும்மா வைத்திருந்தால் சரக்கை ஏற்றதாகிவிடும். நஷ்ட ஈடு கேட்கும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். விற்பவனுக்கு எது நல்லது என்று சொல்லவே வேண்டாம். 'நியாயமான காலம்' என்று மொட்டையாக விடாமல், சரக்கு கிடங்குக்கு வந்ததிலிருந்து இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தார். பையரும் ஏற்றுக்கொண்டார். அதே உடன்படிக்கையில் குறைக்கு ஏற்ப விலையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை பையருக்கு இருக்கிறது (50வது பிரிவு) என்பதையும் மறைக்காமல் சொன்னார். பணத்தைப் பிடித்துக்கொண்டு பையர் அனுப்பும் டெபிட் நோட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும்.

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றித் தரும் முறை) என்று பழக்கத்தில் போடுவதையும் எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில் பையரின் டிரான்ஸ்போர்ட்காரரிடம் ஒப்படைத்ததும் ரிஸ்க் பையருக்குப் போகும் முறை) ஆக மாற்றச் சொன்னார். கன்டெய்னர் யார்டில் கிடக்கும்போது ஏதாவது ஆனால் எஃப்.ஓ.பி.யில் அது நம் தலையில். கப்பலில் ஏறும்வரை ரிஸ்க் நம்முடையது.

உள்ளூர் நூல் கொள்முதலுக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் தயாரித்துத் தந்தார். சாம்பிள் நூல் கோனைப் பாலிதீனில் சுற்றி, சீல் வைத்து, மில்காரரும் நாமும் லேபிளில் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதே தரத்தில் இருக்க வேண்டும் என்பது நமது 1930 சட்டத்தின் 17வது பிரிவு. கோனில் தெரியாமல் சாயத்தில் போட்டதும் பட்டை பட்டையாகத் தெரியும் குறைக்கும் அதில் வழி இருக்கிறது. நூல் வாங்கும் எல்லோருக்கும் இந்த ஒரு பக்கம் போதும், அவ்வளவு உபயோகம்.

இந்த ஆபீசில் குறை என்றால், அவர் தரும் அறிக்கை முழுக்க ஆங்கிலம். ஆர்டர்களைக் கவனிக்கும் என் மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் நான் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தந்தால் கூடுதல் கட்டணம் கொடுக்கவும் தயார். ஷிப்மென்ட் நெருக்கத்தில் போனில் பிடிப்பதும் கஷ்டம்.

போகிறவர்கள் பி.ஓ.வை மட்டும் கொண்டு போகாதீர்கள். பையரோடு நடந்த மெயில், வாட்ஸ்அப், புரொஃபார்மா இன்வாய்ஸ் (முன்கூட்டித் தரும் உத்தேச பில்) எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பதே அதைத்தான்.