குபோட்டா எம்யு 4501: களிமண் வயலுக்கு ஒரு 45 ஹெச்பி வண்டி

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஹெச்பி எத்தனை என்றுதான் கேட்பார்கள். நான் கேட்டது எடை எத்தனை என்று. சேல்ஸ் தம்பி கையிலிருந்த அட்டையைப் புரட்டித் தேடித்தான் சொன்னார். எம்யு 4501 டூ வீல் டிரைவ் 1,850 கிலோ, ஃபோர் வீல் டிரைவ் 1,970 கிலோ. தண்ணீர் கட்டி நன்றாக ஊறிய களிமண் வயலில் வண்டி இறக்கியவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். மேலே சேறு, அடியில் வருடக்கணக்காக உழுது உழுது இறுகிப்போன தளம். அந்தத் தளம் தாங்குகிற வரைதான் வண்டி ஓடும். அதை உடைத்துக்கொண்டு பின்சக்கரம் இறங்கிவிட்டால் 45 ஹெச்பியாக இருந்தாலும் 60 ஹெச்பியாக இருந்தாலும் இன்னொரு வண்டி வந்து சங்கிலி போட்டு இழுத்தால்தான் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே அப்பா வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 இருக்கிறது. சிம்ப்சன் எஞ்சின். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் இப்போது ஒன்பது கலப்பையா, அஞ்சு கலப்பையா என்று கேட்பதில்லை. நேராக ரொட்டவேட்டர்தான், அதாவது சுழலும் பிளேடுகளால் மண்ணை வெட்டிக் கூழாக்கும் கருவி. அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகிற மெஷின். ஆறடி ரொட்டவேட்டரையும் வைக்கோல் மெஷினையும் இழுக்க 35 ஹெச்பி வண்டி திணறுகிறது. சரி, பெரியதாகப் போகலாம் என்றால் எதுவரை போவது? நான் 50 ஹெச்பியோடு நின்றுகொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதற்காக சிஆர்டிஐ எஞ்சின் (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் வகை), சென்சார், கம்ப்யூட்டர் என்று விலையும் ஏறிவிட்டது. ஒயர் ஒன்று விட்டுப்போனால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். சம்பா நடவு நேரத்தில் ஆளுக்காகக் காத்திருக்க முடியாது. 50-க்குள் இருந்தால் பழைய மாதிரி பம்பு, நாசில். எங்கள் கடைத்தெரு மெக்கானிக்கே கழற்றிப் பார்த்துவிடுவார்.

அண்ணனுக்கு மஹிந்திரா 575 மீதுதான் கண். நாலு சிலிண்டர், 2,730 சிசி, 1,900 ஆர்பிஎம்மிலேயே முழு சக்தி. இன்னொரு பக்கம் ஸ்வராஜ் 744. மூன்று சிலிண்டர்தான், ஆனால் 3,000 சிசிக்கு மேல், 2,000 ஆர்பிஎம். குபோட்டாவோ நாலு சிலிண்டர், 2,434 சிசி, முழு சக்திக்கு 2,500 ஆர்பிஎம் வரை போக வேண்டும். "ஏன்டா, அவன் சின்ன எஞ்சினைக் கத்த விட்டு அதே ஹெச்பியைக் காட்டுறான், நீ அதைப் போய் வாங்குறேங்கிற?" என்றார். அண்ணன் சொன்னதில் தப்பில்லை. ஹெச்பி என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவது. ஒருவர் இழுவையைக் கூட்டி அதே இடத்துக்கு வருகிறார், இன்னொருவர் சுற்றைக் கூட்டி வருகிறார். கரும்பு டிரெய்லர், செங்கல் லோடு என்று ரோட்டில் இழுக்கப் போகிறவர்களுக்கு அண்ணன் பேச்சுதான் சரி. எங்களுக்கு வேலையில் முக்கால்வாசி பிடிஓவில், அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கிற சுழல் தண்டில். ரொட்டவேட்டர் இழுவையை அவ்வளவாகக் கேட்காது, ஒரே சீரான சுற்றைத்தான் கேட்கும். அதோடு இந்த எஞ்சினில் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பதால், அவ்வளவு சுற்றிலும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு அதிர்வு வருவதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்காமல் இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

விலை பேசப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. உடனே பழைய விலையில் ஏழு சதவீதம் கழித்துப் பார்த்துச் சண்டைக்குப் போகக்கூடாது. 112 ரூபாய்க்கு விற்றது 105 ஆக வேண்டும், அவ்வளவுதான். அதாவது பழைய விலையில் லட்சத்துக்கு 6,250 ரூபாய் குறைய வேண்டும். நான் முதலில் ஏறி இறங்கிய ஒரு ஷோரூமில் (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும், குறைந்த தொகைக்கு ஏறக்குறைய அதே அளவில் "ஆக்சஸரீஸ்" என்று ஒரு வரி பில்லில் முளைத்தது. பம்பர், மேற்கூரை, ஹூக் எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. வெளியே வெல்டிங் பட்டறையில் கேட்டுவிட்டுப் போங்கள். இன்ஷூரன்ஸையும் அவர்களிடமே போட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது.

வண்டி வந்த பிறகு கை பழக நாளானது, அதுவும் காதால்தான். பழைய வண்டியைச் சத்தம் கேட்டே ஓட்டிப் பழகியவன் நான். எஞ்சின் உறுமினால் ஆக்சிலேட்டரைக் குறைப்பது தன்னால் வரும். குபோட்டாவில் அப்படிக் குறைத்தால் ரொட்டவேட்டர் கெட்டுவிடும். பிடிஓ 540 சுற்று சுற்ற எஞ்சின் 2,500-க்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1,800-ல் வைத்து மெதுவாக ஓட்டினால் பிளேடு மண்ணை வெட்டாது, புரட்டிப் போடும். பின்னால் திரும்பிப் பாருங்கள்: சேறு கூழாக விழாமல் கட்டி கட்டியாகத் தெறித்தால் சுற்று போதவில்லை என்று அர்த்தம். அதனால் கை ஆக்சிலேட்டரை ஏற்றி வைத்துவிட்டு, வேகத்தை கியரில் மட்டும் குறைத்தேன். லோவில் இரண்டாவது கியர் எங்கள் மண்ணுக்குச் சரியாக இருக்கிறது. டீசல் குடித்துத் தீர்த்துவிடும் என்று அண்ணன் பயந்தார். உண்மையில், குறைந்த சுற்றில் இரண்டு சால் ஓட்டுவதை இதில் ஒரே சாலில் முடித்துவிடலாம். நில அளவான மா கணக்கில் பார்த்தால் செலவு கூடவில்லை. டேங்க் 60 லிட்டர் பிடிக்கும், நடுவயலில் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை மிச்சம்.

ரொட்டவேட்டர் வாங்கும்போது எந்த பிளேடு என்று கேட்டு வாங்குங்கள். ஆறடிக்குப் பொதுவாக 42 பிளேடு. புழுதி உழவுக்கு 'எல்' வடிவம், சேற்றுக்கு 'சி' வடிவம். களிமண் 'எல்' பிளேடில் ஒட்டிக்கொண்டு ரோட்டரையே ஒரு உருளை ஆக்கிவிடும். இன்னொன்று, வலது கைப்பக்கம் இரண்டு லீவர் இருக்கும். ரொட்டவேட்டருக்கு, கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கிற பொசிஷன் லீவர்தான், டிராஃப்ட் லீவரைத் தொடவே வேண்டாம். கொழுக் கலப்பை மாட்டும்போதுதான் டிராஃப்ட்டுக்கு வேலை. மண் இறுகின இடத்தில் அதுவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். வாடகைக்கு ஓட்டுகிற பையன்கள் பலர் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஆட்டுகிறார்கள். ஆழம் மேடும் பள்ளமுமாகப் போய், அப்புறம் பரம்படிக்கிறவர் திட்டுகிறார்.

ஃபோர் வீலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தது சேற்றுக்குள் இழுக்க மட்டுமில்லை, வரப்பு ஏறத்தான். பின்சக்கரம் மட்டும் தள்ளும்போது முன்பக்கம் தூக்கும். முன்சக்கரமும் சேர்ந்து பிடித்தால் வண்டி தவழ்ந்து ஏறிவிடுகிறது. சேற்றில் புதையாமல் இருக்க மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலில், அரை கேஜ் வீலை டயரோடு சேர்த்து மாட்டினால் போதும், டயரைக் கழற்றிவிட்டு முழு கேஜ் வீல் போடுகிற அவசியம் எனக்கு வரவில்லை. தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன் டயர் தேய்ந்துகொண்டே இருக்கும். கேஜ் வீலோடு ரோட்டில் ஏறவே கூடாது. தாருக்கும் கேடு, போலீஸ் பிடித்தால் அபராதம் வேறு.

ஃபோர் வீல் என்ற தைரியத்தில் எங்கேயும் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கட்டை சேற்றில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, அச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியே பின்னால் மல்லாந்துவிடும். அந்த வேகத்தில் கிளட்ச் மிதிக்க நேரம் கிடைக்காது. ரொட்டவேட்டரைத் தூக்கி, பிடிஓவை நிறுத்தி, ரிவர்ஸில் வந்த தடத்திலேயே எடுத்துப் பாருங்கள். வரவில்லையா, இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள்.

கியர் எட்டு முன்னால், நாலு பின்னால். சிங்க்ரோமெஷ் என்பதால் ரோட்டில் போகும்போது நிறுத்தாமலே மாற்றலாம். பெடல் மேலிருந்து தொங்குகிற மாதிரி இருப்பதால் சேற்றுக் காலோடு ஏறினாலும் அடியில் மண் அடைத்துக்கொள்வதில்லை. ஹைட்ராலிக் 1,640 கிலோ தூக்கும் என்கிறார்கள், ரொட்டவேட்டருக்குத் தாராளம்.

வைக்கோல் கட்டும் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது: தூசு. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையில் சருகு மெத்தை மாதிரி அப்பிக்கொள்கிறது. வெப்பமுள் நடுவைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டி, டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் வலையை உருவித் தட்டிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் காகித வகை. பழைய வண்டி போல எண்ணெய்க் கிண்ணம் கிடையாது. அதைத் தரையில் அடித்துத் தட்டினால் காகிதம் கிழிந்து தூசு நேராக எஞ்சினுக்குள் போகும். உள்பக்கமிருந்து மெதுவாகக் காற்று அடித்தால் போதும்.

யாருக்கு வேண்டாம் என்று கேட்டால், வருடம் முழுக்க டிரெய்லர் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டாம். இதே எடைக் குறைவு அங்கே பாதகம். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு பாலம் ஏறும்போது முன்பக்கம் லேசாவது தெரிகிறது, அதனால் அறுவடைக் காலத்தில் முன்னால் எடைக்கட்டி மாட்டிக்கொள்கிறேன். 1035-ஐ எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. ரோட்டு லோடுக்கும் உளுந்து வயலுக்கும் அதை அண்ணன் ஓட்டுகிறார்.