கண் அழுத்தம் பார்க்க எது தோது: காற்றா, கோல்ட்மேனா, ரீபவுண்டா?

டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் டெக்னீஷியன் எழுதிவைக்கும் எண்களில் கண் அழுத்தம் கொஞ்சம் விவகாரமானது. பார்வை அளவு தப்பாக வந்தால் நோயாளியே சொல்லிவிடுவார். அழுத்தம் 18-ஆ 24-ஆ என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள். அந்த எல்லையை ஒட்டி வரும் அளவுகளில்தான் காற்று மெஷின், கோல்ட்மேன், ரீபவுண்ட் என்ற மூன்று கருவிகளில் எதில் பார்த்தோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

காற்று மெஷினுக்கு நல்ல பெயர் கிடைத்ததற்குக் காரணம் வேகம். மரத்துப்போகும் சொட்டு வேண்டாம், கண்ணைத் தொடுவதில்லை, புதிதாகச் சேர்ந்தவரும் சீக்கிரம் பழகிக்கொள்ளலாம். ஊதிய காற்றில் கருவிழியின் முன்படலம் (கார்னியா) தட்டையாகும் கணத்தை ஒளியை வைத்துக் கண்டுபிடித்து எண்ணைக் காட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், முதல் கண்ணில் காற்று பட்டதுமே ஆள் உஷாராகிவிடுவார். அடுத்த கண்ணை இறுக்கிக்கொள்வார், அழுத்தம் ஏறிவிடும். இரண்டாவதாகப் பார்த்த கண்ணில் மட்டும் கூடுதலாக வந்தால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான். அப்புறம், ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கண் அழுத்தம் லேசாக ஏறி இறங்கும். காற்று அடிப்பது சில மில்லிசெகண்ட் மட்டும் என்பதால் அது மேட்டைப் பிடித்ததா பள்ளத்தைப் பிடித்ததா என்று சொல்ல முடியாது. அதனால்தான் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுகிறோம். அழுத்தம் அதிகமாக இருக்கும் கண்களில் இதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கோல்ட்மேன் அப்படியில்லை. ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பொருத்தி, மரத்துப்போகும் சொட்டு போட்டு, ஃப்ளோரசீன் சாயம் வைத்து, முனையைக் கருவிழியில் தொடவைத்து, நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொட்டுக்கொள்ளும்வரை திருகைத் திருப்ப வேண்டும். திருகில் 1 என்றால் 10 மி.மீ., 1.6 என்றால் 16. துடிப்புக்கு ஏற்ப அரைவட்டங்கள் ஆடுவதைக் கண்ணாலேயே பார்த்து நடு அளவை எடுக்கலாம். காற்று மெஷினில் கிடைக்காத வசதி இது.

ஆனால் கை பழக நாளாகும். ஃப்ளோரசீன் அதிகமாகிவிட்டால் அரைவட்டம் தடித்து அளவு கூடிவிடும், போதாவிட்டால் குறைந்துவிடும். இமையைப் பிடித்திருக்கும் விரல் எலும்பின் மேல் இல்லாமல் கண்ணில் அழுந்தினால் அதுவும் கணக்கில் ஏறும். இறுக்கமான காலர், அடக்கிய மூச்சு எல்லாமே வேலையைக் காட்டும். "மூச்சை அடக்காதீங்க, சாதாரணமா விடுங்க" என்று சொன்ன மாத்திரத்தில் அரைவட்டங்கள் நகர்வதைப் பார்க்கலாம். சாஃப்ட் லென்ஸைக் கழற்றாமல் ஃப்ளோரசீன் வைத்தால் லென்ஸ் மஞ்சளாகிவிடும், அதற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். முனை கண்ணைத் தொடுவதால் ஒவ்வொருவருக்குப் பின்னும் முறையாகக் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். மெட்ராஸ் ஐ பரவும் சமயத்தில் இதில் சோம்பல்பட்டால் வரிசையில் இருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்து அனுப்பியதாகிவிடும்.

ரீபவுண்ட் கருவி கையடக்கமானது. முனையில் சின்ன பிளாஸ்டிக் உருண்டை உள்ள மெல்லிய கம்பி கருவிழியில் பட்டுத் திரும்பும். அழுத்தம் கூடினால் சீக்கிரம் திரும்பும். ஐகேர் நிறுவனத்தின் ரீபவுண்ட் கருவியில் ஆறு தட்டு, அவ்வளவுதான். சொட்டு வேண்டாம், பலருக்குப் பட்டதே தெரியாது. குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், ஸ்லிட் லாம்பில் தாடையை வைக்க முடியாத முதியவர்கள் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆளுக்கொரு புது முனை என்பதால் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய மாடல்களைக் கிடைமட்டமாகத்தான் பிடிக்க வேண்டும், படுத்திருப்பவருக்கு உதவாது.

எடை வைத்துப் பார்க்கும் பழைய கருவியான ஷியோட்ஸ் இன்னமும் சில அலமாரிகளில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

கருவிழியின் தடிமன் மூன்றையுமே ஏமாற்றும். கோல்ட்மேன் கணக்கு சுமார் 520 மைக்ரானை வைத்துப் போட்டது. தடித்த கருவிழியில் அளவு கூடவும், மெல்லியதில் குறையவும் காட்டும். கருவிழியை மெலிதாக்கிப் பார்வையைச் சரிசெய்யும் லேசிக் லேசர் சிகிச்சை செய்தவருக்கு 14 வந்ததே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

என் கணக்கு இதுதான்: கூட்டமாக வருபவர்களை முதலில் சலித்தெடுக்கக் காற்று, கண்ணைக் காட்ட மறுப்பவர்களுக்கு ரீபவுண்ட், கிளாகோமா (கண் நீர் அழுத்த நோய்) சந்தேகமோ சிகிச்சையோ இருந்தால் கோல்ட்மேன். வேலைக்குப் புதியவர் கோல்ட்மேனில் கையைப் பழக்கிவிட்டால் மற்ற இரண்டும் தானாக வரும். காற்று மெஷினோடு நின்றுவிட்டால் அந்த அறையிலேயே நிற்க வேண்டியதுதான். எதில் பார்த்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் கருவியின் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். போன தடவை காற்றில் 17, இந்தத் தடவை கோல்ட்மேனில் 20 என்றால், ஏறியது அழுத்தம்தானா என்று டாக்டர் யோசிக்க அதுதான் துப்பு. அடிபட்டுக் கண் கிழிந்திருக்கலாம் என்று தோன்றினால் மூன்றையும் தொடாதீர்கள், நேராக டாக்டரைக் கூப்பிடுங்கள்.