லாரி கேன் லைன் பார்க்க வாங்கிய நாலு சாமான்: ஆறு வருஷம் கழித்து

நாமக்கல்லில் லாரி எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமாகப் போகிறது, இனிமேல் டெஸ்ட் பல்பையும் ஒரு சுருள் இன்சுலேஷன் டேப்பையும் வைத்துப் பிழைப்பு நடத்த முடியாது என்று புரிந்ததும், அதற்கு முந்தின தீபாவளி கழிந்த கையோடு நாலு சாமான் வாங்கினேன். ஒரு நல்ல மல்டிமீட்டர், கோளாறு கோடுகளைப் படிக்கிற பெரிய ஸ்கேனர் ஒன்று, வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற கேன் லைனைப் பார்க்க லேப்டாப்பில் செருகுகிற கேன் அடாப்டர், வோல்ட்டேஜைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற கையடக்க ஆசிலோஸ்கோப். கடன் வாங்கி எடுத்தது ஸ்கேனர்தான், அதுதான் சோறு போடும் என்று நினைத்தேன். புதிதாகப் பட்டறை போடுகிற தம்பிகள் "எந்த ஸ்கேனர் எடுக்கலாம்ணா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன்.

முதலில், எதைச் சோதிக்கிறோம் என்பது தெரிய வேண்டும். பழைய வண்டியில் ஆயில் பிரஷருக்கு ஒரு வயர், ஹீட்டுக்கு ஒரு வயர், ஆர்பிஎம்முக்கு ஒரு வயர் என்று மீட்டருக்குத் தனித்தனியாக வரும். இப்போது இன்ஜின் ஈசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி), ஏபிஎஸ் பிரேக், மீட்டர், புகையைச் சுத்தம் செய்கிற யூரியா சிஸ்டம் எல்லாம் முறுக்கிய இரண்டே வயரில் பேசிக்கொள்கின்றன. ஒன்று கேன் ஹை, இன்னொன்று கேன் லோ. பாஷ் கம்பெனிக்காரர்கள் 1986-ல் வெளியிட்ட முறை. கனரக வண்டிக்கு அதன் மேல் ஜே1939 என்று ஒரு பொதுப் பாஷை வைத்திருக்கிறார்கள். லைன் செத்தாலும் பெரும்பாலான வண்டியில் இன்ஜின் ஓடும், ஏனென்றால் இன்ஜெக்டரை இயக்குவது ஈசியூ நேரடியாக. ஆனால் மீட்டர் முள் எல்லாம் படுத்துவிடும், வண்டி இழுக்காது. ஆக்சிலரேட்டர் பெடலே வேறு பெட்டி வழியாகக் கேன் லைனில் வருகிற வண்டியாக இருந்தால் ஐடிலிங்கைத் தாண்டாது.

சரி, மல்டிமீட்டர். மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் சேர்ந்து 60. ஸ்கேனர் செருகுகிற ஓபிடி கப்ளரில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே வைத்தால் 60 காட்ட வேண்டும், 58 வந்தாலும் கவலையில்லை. 120 என்றால் ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது. பூஜ்யம் என்றால் இரண்டு வயரும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த 40 எனக்கு முதல் தடவை வந்தபோது மல்டிமீட்டர்தான் கெட்டுவிட்டது என்று அதன் பேட்டரியை மாற்றிப் பார்த்தேன்! அப்புறம் டாஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே ஜிபிஎஸ் பெட்டி ஒன்று, டீசல் அளவு எடுப்பதற்காகக் கேன் வயரைச் சுரண்டி முறுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர். 40 ஓமில் வண்டி ஓடும், ஆனால் எப்போதாவது தடுமாறும், டிரைவர் வந்து சொல்லும்போது தடுமாறாது.

ஓம் பார்க்கும்போது பேட்டரி கழன்றிருக்க வேண்டும். சாவியை ஆஃப் செய்தவுடனே ஈசியூ தூங்கப் போகாது, யூரியா பம்ப் லைனைக் காலி செய்கிற சத்தம் கேட்கும், அது அடங்கின பிறகு ஐசோலேட்டரை (பேட்டரி ஸ்விட்ச்) ஆஃப் செய்துவிட்டு வையுங்கள். கரண்ட் இருக்கும்போது ஓமில் வைத்து வாயில் வந்த நம்பரைச் சொல்லி என் பட்டறைப் பையன் ஒருவன் அரை நாளைக் கெடுத்திருக்கிறான்.

பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டால் வோல்ட்டேஜ். லைன் சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். அந்த வேகத்தை மல்டிமீட்டர் பிடிக்காது, சராசரியைத்தான் காட்டும்: ஹை 2.7 பக்கம், லோ 2.3 பக்கம், கூட்டினால் 5. ஹை வயர் பாடியில் ஒட்டினால் இரண்டுமே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடும். இதற்குமேல் மல்டிமீட்டரிடம் எதிர்பார்க்க வேண்டாம். என் பட்டறைக்கு வந்த கேன் லைன் புகார்களில் பெரும்பாலானவற்றை இந்த ஓம், வோல்ட் இரண்டையும் வைத்தே முடித்திருக்கிறேன்.

பெரிய ஸ்கேனருக்கு வருகிறேன். திரை அழகு, தமிழில்கூட மெனு வருகிறது, படிக்கத்தான் முடியாது. வருஷா வருஷம் சந்தா கட்டாவிட்டால் புது மாடல் வண்டி திறக்காது, ஆறு வருஷச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு ஸ்கேனர் வாங்கியிருக்கலாம். யூரியா டோசிங் டெஸ்ட், இன்ஜெக்டர் கோடு ஏற்றுவது, புகை ஃபில்டரை எரித்துச் சுத்தம் செய்வது எல்லாம் இது இல்லாமல் நடக்காது, அதை மறுக்கவில்லை. கேன் லைன் விஷயத்தில்தான் ஏமாற்றும். எஸ்பிஎன் 639 என்று கோளாறு எண் வரும், அதாவது வண்டியின் முக்கியமான கேன் லைனில் கோளாறு. பக்கத்தில், கோளாறின் வகையைச் சொல்கிற எஃப்எம்ஐ 9 என்றால் வர வேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். எந்த வயர், எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. ஆனால் திரையில் "கியர்பாக்ஸ் தொடர்பு இல்லை, ஏபிஎஸ் தொடர்பு இல்லை" என்று சிவப்பில் வரிசையாக வந்தால் ஓனர் பயந்துவிடுகிறார்.

அப்படிப் பயந்த ஒருவர் வேறொரு இடத்தில் சொன்னதைக் கேட்டு இன்ஜின் ஈசியூவையே புதிதாகப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார், லட்சத்துக்கு மேல் தண்டம். ராத்திரி ஹெட்லைட் போட்டு ஹார்ன் அடித்தால் மீட்டர் அணைந்து அணைந்து எரிகிறது, பகலில் ஒன்றும் இல்லை. ராத்திரி என்று சொன்னபோதே எனக்கு எர்த் மேல் சந்தேகம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றைக் கேபின் எர்த் போல்ட்டில் வைத்து எல்லா லைட்டையும் போடச் சொன்னேன். ஒன்றரை வோல்ட் நின்றது. அரை வோல்ட் வந்தாலே எனக்குப் பிடிக்காது. கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே போகிற பின்னல் எர்த் பட்டையின் கீழ் போல்ட்டில் பெயின்ட் அடித்து, அதன் மேல் துரு, அதன் மேல் கிரீஸ். எமரி பேப்பர், ஒரு புது ஸ்டார் வாஷர், முக்கால் மணி நேரம். கேபினில் இருக்கிற பெட்டியின் பூஜ்யமும் இன்ஜினில் இருக்கிற பெட்டியின் பூஜ்யமும் வேறு வேறு உயரத்தில் நின்றால், ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்கு எப்படிப் புரியும்? ஓனருக்கு அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டேன், வாங்கினேன்.

மல்டிமீட்டரும் ஸ்கேனரும் இரண்டுமே சேர்ந்து ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. நிறைய பிஎஸ்6 வண்டிகளில் கேன் லைன் ஒன்றோடு நிற்பதில்லை, இன்ஜினுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, புகைக்குழாய் சென்சார்களுக்கு ஒன்று என்று பிரித்து, நடுவே கேட்வே என்று ஒரு பெட்டி. ஓபிடி கப்ளரில் வருவது கேட்வேயின் லைன் மட்டும். அங்கே 60 ஓம் சுத்தமாக நிற்கும், உள்ளே இன்ஜின் லைன் அறுந்து கிடக்கும். சர்க்யூட் படம் இல்லாமல் இந்த வண்டிகளில் கை வைக்காதீர்கள். போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் இன்ஜின் இந்த விஷயத்தில் நிம்மதி. ஒன்பது பின் வட்டக் கப்ளர், சி-யில் ஹை, டி-யில் லோ, ஒளிவுமறைவு கிடையாது.

போன வருஷம் சித்திரையில் வந்த ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிரைவர் சொன்னது: "லோடு ஏத்திட்டு முக்கா மணி நேரம் நல்லா போகுதுங்ணா, அப்புறம் முள்ளு எல்லாம் படுத்துருது, மேடு ஏற மாட்டேங்குது. ஓரங்கட்டி டீ குடிச்சிட்டு வந்தா சரியாயிருது." என் பட்டறையில் நின்றபோது 60 ஓம், 2.7, 2.3, எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. ஸ்கேனரில் பழைய கோடு இருபது. அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம், இரண்டு இடத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சூடாகிற இடம்தான் வில்லங்கம் என்று தோன்றியதால், மல்டிமீட்டரைக் கேன் ஹைக்கும் எர்த்துக்கும் மாட்டி டாஷ்போர்டு மேல் வைத்து, லோடோடு நானும் ஏறிக்கொண்டேன். ஐம்பது நிமிஷம் 2.7-லேயே நின்றது, எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஒரு பாலம் ஏறும்போது 0.1. முள் எல்லாம் படுத்தது.

ஓரங்கட்டினோம். இன்ஜினை அணைக்க வேண்டாம், ஆறினால் போச்சு என்று சொல்லிவிட்டு, டிரைவரை மல்டிமீட்டரைப் பார்க்கச் சொல்லி நான் கீழே இறங்கிக் கப்ளராகப் பிடுங்கினேன். ஏபிஎஸ் பெட்டி, மாற்றமில்லை. யூரியா பம்ப், மாற்றமில்லை. சைலன்ஸர் பக்கத்தில் இருக்கிற, புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கிற நாக்ஸ் சென்சார் பெட்டியின் நாலு வயர் கப்ளரைப் பிடுங்கியதும் மேலே இருந்து "வந்துருச்சுங்ணா, ரெண்டு புள்ளி ஆறு!" என்று சத்தம். அந்தச் சென்சாரில் ஒரு வயர் 24 வோல்ட், ஒன்று எர்த், மீதி இரண்டும் கேன். கிளாம்ப் உடைந்து வயர் கட்டு சைலன்ஸர் உறையின் மேல் சாய்ந்து, உள் இன்சுலேஷன் வெல்லப்பாகு மாதிரி இளகி, ஹை வயர் எர்த் வயரில் ஒட்டியிருந்தது. ஆறினால் விலகிக்கொள்ளும். இந்த வண்டியில் நாக்ஸ் சென்சாரும் மீட்டரும் ஒரே லைன் என்பதால் ஒரு புகை சென்சார் மொத்தக் குடும்பத்தின் வாயையும் கட்டிவிட்டது.

கேன் அடாப்டர். நாலாயிரம் ரூபாய். லைனில் யார் யார் பேசுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம் என்பதே இதன் லாபம். ஜே1939-ல் ஒவ்வொரு பெட்டிக்கும் கதவு எண் மாதிரி முகவரி உண்டு: இன்ஜின் 0, கியர்பாக்ஸ் 3, பிரேக் 11, மீட்டர் 23. நாக்ஸ் சென்சார்கள் 81, 82. எந்த எண் வரவில்லையோ அந்தப் பெட்டியின் ஃப்யூஸ், எர்த், கப்ளரிலிருந்து தொடங்கலாம். இன்ஜின் வேகம் 61444 என்ற எண்ணில் வரும், அதில் இருக்கிற மதிப்பை 8-ஆல் வகுத்தால் ஆர்பிஎம். முதல் தடவை 4800-ஐ வகுத்து 600 என்று வந்து, மீட்டர் முள்ளும் 600-ல் நின்றதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் சொல்லிப் பார்த்தேன், யாரும் மதிக்கவில்லை.

இதில் ஒரு மடத்தனமும் செய்திருக்கிறேன். லைனின் வேகம் செகண்டுக்கு 250 கிலோபிட், நான் அடாப்டரை 500-ல் வைத்து, வெறும் கேட்கிற மோடில் போடாமல் செருகிவிட்டேன். தப்பான வேகத்தில் இருக்கிற அடாப்டருக்கு வருவதெல்லாம் பிழையாகத் தெரியும், ஒவ்வொன்றையும் குறுக்கே பேசிக் கெடுக்கும். நன்றாக இருந்த வண்டியின் மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்தது, ஓனர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து கேட்கிற மோடுதான். இன்னொன்று, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிற கார் ப்ளூடூத் அடாப்டரை 24 வோல்ட் வண்டியில் செருக வேண்டாம். என்னுடையது ஒன்று புகைந்தே போனது.

ஆசிலோஸ்கோப்பை மாதம் இரண்டு தடவை எடுத்தால் அதிகம். ஒரு பிட் 4 மைக்ரோ செகண்ட், அதைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும்போது ரெசிஸ்டர் இல்லாத லைனில் கட்டத்தின் ஓரம் அதிர்வது தெரியும், ஆல்டர்னேட்டர் டையோடு போன வண்டியில் மொத்தக் கோடும் அலை மாதிரி ஆடும். பிறர் பட்டறையில் தீராத கேஸ் உங்களிடம் வர ஆரம்பித்த பிறகு வாங்கினால் போதும். என்னுடையதில் பேட்டரி உப்பி, மாற்றியாயிற்று.

சாமானைவிட வயிற்றெரிச்சல் தருவது வேறு. பாடி கட்டும்போது பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழற்றாமல் சேஸிஸில் வெல்டிங் வைக்கிறார்கள், வண்டி ஷெட்டிலிருந்து வெளியே வரும்போதே ஒரு பெட்டியின் கேன் பகுதி செத்திருக்கும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரைக் கப்ளர் மேலேயே பிடிக்கிறார்கள், ஆறு மாதத்தில் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. வயரில் ஊசி குத்தி சோதித்துவிட்டு அப்படியே விட்டுப் போகிறவர்களும் உண்டு, அந்த ஓட்டையில் ஈரம் இறங்கி அடுத்த மழைக்காலத்தில் அந்த இடத்திலேயே வயர் இற்றுவிடும். நான் ஒட்டுப் போடும்போது சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, முறுக்கை இரண்டு அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் முடிப்பேன். நேர் நேராக இரண்டு வயரை ஓடவிட்டு டேப் சுற்றினால் பக்கத்தில் போகிற செல்ஃப் கேபிளின் சத்தம் எல்லாம் உள்ளே வரும்.

இன்றைக்குக் கடை போடுகிறவன் என்னிடம் கேட்டால்: மல்டிமீட்டரும் சர்க்யூட் படங்களும் முதலில், அப்புறம் கேன் அடாப்டர், அப்புறம் கடன் இல்லாமல் முடிந்தால் ஸ்கேனர். மல்டிமீட்டருக்கு மூன்றாவது செட் டெஸ்ட் லீட் போன வாரம்தான் வாங்கினேன், பழைய செட்டின் சிவப்பு முனை அந்தப் பன்னிரண்டு சக்கர வண்டியின் சைலன்ஸரில் பட்டு உருகியது.