பச்சைக் கஞ்சாவா, சூடு பட்ட கஞ்சாவா: ஒரே பூவில் இரண்டு சரக்கு

செடியிலிருந்து பறித்த கஞ்சாப் பூவை அப்படியே மென்று தின்றால் போதை ஏறுமா? பெரும்பாலும் ஏறாது. போதைக்குப் பேர்போன டிஎச்சி பச்சைப் பூவில் மிகக் கொஞ்சம்தான். செடி உண்டாக்கிச் சேர்த்து வைப்பது டிஎச்சிஏ என்ற அமிலத்தை. கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சிபிடிக்கும் அதே கதைதான்: பச்சையில் இருப்பது சிபிடிஏ என்ற அமிலம்.

டிஎச்சிஏவுக்கும் டிஎச்சிக்கும், சிபிடிஏவுக்கும் சிபிடிக்கும் வித்தியாசம் ஒரு கார்பாக்சில் தொகுதிதான், அதாவது அமிலத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு அணுக்கூட்டம். சூடு பட்டால் அது கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். ‘சூடு காட்டினால் வீரியம் கூடும்’ என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால் எடை குறைகிறது: டிஎச்சிஏவின் மூலக்கூறு எடை சுமார் 358, டிஎச்சிக்கு 314. முழுக்க மாறினாலும் 100 மில்லிகிராம் சுமார் 88 ஆகத்தான் மிஞ்சும். கூடுவது அளவு இல்லை, பொருளே வேறாகிவிடுகிறது.

மூளை செல்களில் இத்தகைய பொருள்கள் வந்து ஒட்டும் இடமான சிபி1 ஏற்பியில் டிஎச்சி நன்றாகப் போய் உட்காரும். போதை அங்கேதான் தொடங்குகிறது. டிஎச்சிஏ அந்த ஏற்பியோடு அவ்வளவாக ஒட்டாது, மூளைக்குள் நுழைவதும் கடினம். சிபிடிஏ, சிபிடி ஜோடியில் இப்படி ஒரு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது, இரண்டுமே போதை தராதவை.

சரி, மருந்தாக எது மேல்? பச்சைச் சாறு குடிப்பவர்கள் அடுக்கும் பெருமைகளுக்கு ஆதாரம் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது என்பது என் கருத்து. சிபிடிஏ குமட்டலைக் குறைப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வீக்கம் சார்ந்த ஆய்வக முடிவுகளும் உண்டு. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள்தான் போதாது. மறுபக்கம் பாருங்கள். செயற்கையாகத் தயாரித்த டிஎச்சியான ட்ரோனாபினால், கீமோதெரபி குமட்டலுக்காக 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸ் 2018இல் அங்கே அனுமதி பெற்றது. அமில வடிவத்துக்கு இந்த மாதிரி மருத்துவ அங்கீகாரம் இல்லை.

பச்சையின் பெரிய சிக்கல், அது பச்சையாகவே இருக்காது என்பதுதான். காயப்போட்டாலும், வெளிச்சத்தில் வைத்தாலும், பல மாதம் சும்மா கிடந்தாலும் அமிலம் மெல்ல மெல்ல டிஎச்சியாக மாறிக்கொண்டே இருக்கும். ‘நான் சூடே காட்டவில்லை’ என்று பழைய சரக்கைத் தின்றுவிட்டுத் தலை சுற்றினால் ஆச்சரியமில்லை. சிறுநீர்ச் சோதனையிலும் மாட்டலாம்.

சூட்டுக்கும் குறை உண்டு. பக்குவம் தாண்டினால் டிஎச்சி சிதைந்து சிபிஎன் ஆகும், அதற்கு வீரியம் குறைவு. மணம் தரும் டெர்பீன்கள் ஆவியாகிப் போகும். நெருப்பில் எரித்தால் மாற்றம் நொடியில் நடந்துவிடும்; ஆனால் ஒரு பகுதி அங்கேயே எரிந்து வீணாகும், கூடவே தாரும் புகையும். சூடு காட்டியதைச் சாப்பிட்டாலோ வேறு வம்பு: கல்லீரல் டிஎச்சியை 11-ஹைட்ராக்சி-டிஎச்சியாக மாற்றும், அதன் பிடி பலமானது. பலன் தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொரு துண்டை வாயில் போடுபவர்கள்தான் அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

ஆய்வக அறிக்கையை வாசிக்கும்போதும் இதே குழப்பம் வரும். கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபி கருவி மாதிரியைச் சூடாக்கியே அளக்கிறது, அதனால் பச்சைப் பூவையும் சூடு பட்டதாகக் காட்டிவிடும். திரவ குரோமட்டோகிராபி இரண்டையும் பிரித்துச் சொல்லும். அதில் டிஎச்சி 1 சதவீதம், டிஎச்சிஏ 20 சதவீதம் என்று இருந்தால், 20ஐ 0.877ஆல் (314ஐ 358ஆல் வகுத்தால் வருவது) பெருக்கி 1ஐக் கூட்டுங்கள். பச்சையில் வெறும் 1 சதவீதமாக இருந்த டிஎச்சி, சூடு பட்டால் பதினெட்டரை வரை போகும்.